தோட்டத்து அடுப்பும் வீசம் ஏக்கரும்



சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பது பழமொழி. பரிசளிப்பு விழா மேடையில் ஏறிப் பரிசு வாங்கும் பிள்ளைக்கும், கீழே உட்கார்ந்து கை தட்டும் பிள்ளைக்கும் சுவர் என்பது உடம்புதான். அந்த உடம்பை வளர்ப்பது வீட்டு அடுப்பு. ஆகவே இம்மலரில் அரசர்களின் வரலாற்றையோ போர்களின் வரலாற்றையோ எழுதாமல், நம் அடுப்பின் வரலாற்றை எழுத முன்வந்தேன். அடுப்புக்கும் வரலாறு உண்டா என்று நீங்கள் சிரிக்கலாம். உண்டு. அதிலும் நம் சுங்கை சிப்புட் அடுப்புகளுக்கு நிறையவே உண்டு.

பெற்றோர் பலர் என்னிடம் சொல்வது ஒன்றுதான். "வாங்குற சம்பளம் அரிசிக்கும் மீனுக்குமே பத்தலைங்க. சத்தான சாப்பாட்டுக்கு எங்க போறது?" இது நியாயமான கேள்வி. நம் தாத்தாவும் பாட்டியும் கேட்ட கேள்வியும் இதுதான். நூறு ஆண்டுகளாக நம் தோட்டங்களில் இக்கேள்விக்கு எப்படிப் பதில் கிடைத்தது, எப்போதெல்லாம் பதில் கிடைக்காமல் போயிற்று என்பதைப் பார்த்தால், இன்றைக்கும் ஒரு வழி தெரியும். சம்பளத்தோடு கைக்கெட்டும் தூரத்தில் கொஞ்சம் மண்ணும் இருந்த காலங்களில் நம் அடுப்பு தாக்குப்பிடித்தது. மண் கைவிட்டுப் போன காலங்களில் அடுப்பு தடுமாறியது. இக்கட்டுரை சொல்ல வருவது இவ்வளவுதான்.

புழுங்கல் அரிசி காத்த உயிர்கள்

1877-ஆம் ஆண்டில் பேராக் மாநிலத்தின் ஆங்கிலேய அதிகாரியாக இருந்த ஹியூ லோ என்பவர் நம் பக்கத்து ஊரான கோலகங்சாரில் ரப்பர் கன்றுகளை நட்டார். பிற்காலத்தில் ரப்பருக்கு விலை ஏறியதும் காடுகள் அழிந்தன, தோட்டங்கள் எழுந்தன. தமிழ்நாட்டிலிருந்து நம் முன்னோர் கப்பல் கப்பலாக வந்து இறங்கினார்கள். அவர்கள் கொண்டுவந்த சொத்து அதிகமில்லை. ஒரு மூட்டைத் துணி, ஒரு குலதெய்வம், சில விதைகள், சமையல் பழக்கம், அவ்வளவே. அந்தச் சமையல் பழக்கம்தான் பல்லாயிரம் பேரின் உயிரைக் காத்தது என்றால் நம்புவீர்களா?

அக்காலத்தில் மலாயாவில் 'பெரிபெரி' என்றொரு கொடிய நோய் பரவியிருந்தது. கால் மரத்துப் போகும், உடம்பு வீங்கும், நெஞ்சு பலமிழந்து ஆள் சாய்ந்துவிடுவார். ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர் ஏராளமாக இந்நோய்க்குப் பலியாயினர். தமிழ்த் தொழிலாளரிடையே இது மிகவும் குறைவாகவே காணப்பட்டது. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய டாக்டர் பிராடன் இந்த வேற்றுமையைக் கவனித்தார். சீனர்கள் சாப்பிட்டது நன்றாகத் தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. நம்மவர்கள் சாப்பிட்டது புழுங்கல் அரிசி. நோய்க்குக் காரணம் அரிசியில்தான் இருக்கிறது என்று அவர் 1907-இல் நூலே எழுதி வெளியிட்டார்.

அதே காலத்தில் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் டாக்டர் பிளெட்சர் ஒரு சோதனை செய்தார். ஒரு பகுதியினருக்கு வெள்ளை அரிசியும் மறுபகுதியினருக்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்தார். வெள்ளை அரிசி சாப்பிட்டவர்களில் பலருக்குப் பெரிபெரி கண்டு, 18 பேர் மாண்டார்கள். புழுங்கல் அரிசி சாப்பிட்டவர்களில் ஒருவர்கூட அந்நோயால் மாளவில்லை. தம்மைக் காத்துக்கொள்ள வாயற்ற மனிதர்கள் மீது இப்படிச் சோதனை நடத்தியது இன்றைய கண்ணுக்குக் கொடுமையாகவே படுகிறது. அந்த உயிர்கள் கொடுத்த பாடம் அது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. பின்னர் 1907 முதல் பிரேசர், ஸ்டாண்டன் என்ற இரு மருத்துவர்கள் நெகிரி செம்பிலான் காட்டில் சாலை போட்ட சுமார் 300 ஜாவானியத் தொழிலாளரைக் கொண்டு இதே உண்மையை உறுதி செய்தனர்.

காரணம் என்ன? நெல்லை உமியோடு அவிக்கும்போது, தவிட்டில் இருக்கும் பி-1 என்னும் வைட்டமின் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுவதும் போய்விடுவதில்லை. பச்சரிசியைத் தீட்டினால் சத்தெல்லாம் தவிட்டோடு போய்விடும். நம் பாட்டிமார்களுக்கு வைட்டமின் என்ற சொல் தெரியாது. ஆனால் நெல்லை அவித்துக் குத்தத் தெரியும். ஏழையின் உணவு என்று ஏளனமாகப் பார்க்கப்பட்ட அரிசிதான் மருத்துவ உலகத்துக்கே பாடம் சொன்னது. விலையும் சத்தும் எப்போதும் ஒன்றாகப் போவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இதைப் படித்துவிட்டு அந்தக் காலம் பொற்காலம் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். மலேரியா காய்ச்சலும், வெறுங்காலில் ஏறும் கொக்கிப் புழுவும் நம்மவர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொண்டுபோயின. சோறு ஒரு நோயைத் தடுத்தது. மற்ற நோய்களுக்கு மருந்தும் காலணியும் கழிப்பறையும் வரவேண்டியிருந்தது.

அதிகாரிகள் போட்ட கணக்கு

மலாயா தன் அரிசியைத் தானே விளைத்துக்கொண்ட நாடு அன்று. பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் அரிசி வந்தால்தான் தோட்டத்தில் உலை கொதிக்கும். 1918-இல் இந்தியாவில் மழை பொய்த்தது. பர்மா அரிசிக்கு இந்திய அரசு கட்டுப்பாடு விதித்தது. 1919-இல் சயாமும் அரிசி ஏற்றுமதியை நிறுத்தியது. மலாயாவில் அரிசி விலை விண்ணைத் தொட்டது. ரப்பரை வேகவைத்துச் சாப்பிட முடியாது என்பது அன்றுதான் துரைமார்களுக்கும் புரிந்தது.

இதன் பின்னர் 1923-இல் வந்த தொழிலாளர் சட்டத்தில் நமக்கு வேண்டிய ஒரு விதி இடம்பெற்றது. குடும்பம் உள்ள ஒவ்வொரு தொழிலாளிக்கும் பயிர் செய்துகொள்ள ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலத்தைத் தோட்ட நிர்வாகம் ஒதுக்க வேண்டும் என்பதே அது. பதினாறில் ஒரு பங்கைத் தமிழில் வீசம் என்போம். மாணவர்களே, வாய்ப்பாட்டுப் பயிற்சியாக இதைச் செய்து பாருங்கள். ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி. அதை 16-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 2,722 சதுர அடி. நீளம் 52 அடி, அகலம் 52 அடி உள்ள ஒரு சதுரம் என்று வைத்துக்கொள்ளலாம். பெரிய நிலம் இல்லைதான். ஆனால் ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்குக் கீரையும் கிழங்கும் காயும் மிளகாயும் தர அது போதும். சட்டப் புத்தகத்தில் இருந்தது எல்லாத் தோட்டங்களிலும் ஒரே மாதிரி நடந்தது என்று சொல்வதற்கில்லை. இருந்தாலும், உழைப்பவனுக்குக் கூலி மட்டும் போதாது, மண்ணும் வேண்டும் என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டது பெரிய செய்தி.

கூலிக்கும் ஒரு கணக்கு இருந்தது. ஒரு தொழிலாளியின் குடும்பம் உயிர்வாழ எவ்வளவு அரிசி, எவ்வளவு பருப்பு, எவ்வளவு புளி, உப்பு, மிளகாய், எண்ணெய், கருவாடு, துணி வேண்டும் என்று பட்டியல் போட்டு, அதன் விலையைக் கூட்டி, அதிகாரிகள் நாட்கூலியை நிர்ணயித்தார்கள். 1920-களின் இறுதியில் அது ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று வந்து நின்றது. 1930-இல் உலகப் பொருளாதார மந்தம் தாக்கியதும் அந்தக் கூலியும் வெட்டப்பட்டது. பல்லாயிரக்கணக்கானோர் ஊருக்கே திருப்பி அனுப்பப்பட்டனர். 1936-இன் இறுதியில் இந்திய அரசின் சார்பில் இங்கு வந்து பார்த்த வீ. எஸ். சீனிவாச சாஸ்திரியார், பழையபடி 50 காசும் 40 காசும் கொடுக்க வேண்டும் என்று 1937-ஆம் ஆண்டு அறிக்கையில் பரிந்துரைத்தார்.

இந்தக் கணக்கைச் சற்றே ஊன்றிப் பாருங்கள். ஆணோடு சமமாக மரம் வெட்டிய பெண்ணுக்கு 10 காசு குறைவு. அவள் வீடு திரும்பிய பிறகு கொல்லையில் கொத்திய வேலைக்குக் காசே கிடையாது. அந்த வேலை எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை. பட்டியலுக்கும் வயிற்றுக்கும் இடையில் இருந்த பள்ளத்தை நிரப்பியது அவளுடைய மண்வெட்டிதான்.

கொல்லை எப்படி நடந்தது?

இளைய தலைமுறைக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டும். விடியுமுன் பெரட்டு. பேர் கொடுத்துவிட்டு இருட்டோடு காட்டுக்குப் போக வேண்டும். வெயில் ஏறுமுன் மரம் வெட்டினால்தான் பால் நன்றாக வடியும். பால் எடுத்து, நிறுத்து, ஊற்றிவிட்டு மதியத்துக்குமேல் லயத்துக்குத் திரும்புவார்கள். பிற்பகல் கைக்குக் கிடைக்கும். அந்தப் பிற்பகல்தான் கொல்லை வளர்ந்த நேரம். ரப்பர் வேலையின் நேரக் கணக்கே காய்கறித் தோட்டத்துக்கு இடம் விட்டது எனலாம்.

மழை பெய்தால் மரம் வெட்ட முடியாது. பட்டையெல்லாம் நனைந்து பால் சிதறிவிடும். வேலை இல்லை, அன்றைய கூலியும் இல்லை. ஆனால் அதே மழைக்குக் கீரை தழைக்கும். சம்பளம் கீழே போகும் நாளில் கொல்லை மேலே வரும். ஆண்டின் தொடக்கத்தில் ரப்பர் மரம் இலையுதிர்க்கும்போது பால் குறையும், சம்பளமும் குறையும். அப்போது மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு கைகொடுக்கும். இது வங்கிக் கணக்கு இல்லாதவர்களின் வங்கி.

முருங்கை, அகத்தி, தண்டுக்கீரை, பசலை, மணத்தக்காளி, பொன்னாங்கண்ணி, வல்லாரை, கறிவேப்பிலை, வாழை, பப்பாளி, அவரை, பாகல், புடல், வெண்டை, கத்தரி, மரவள்ளி, சர்க்கரைவள்ளி. இதற்கெல்லாம் கடையில் உரம் வாங்கியவர் யார்? மாட்டுச் சாணமும் அடுப்புச் சாம்பலும் ஆட்டுப் புழுக்கையும் அரிசி களைந்த தண்ணீரும்தான் உரம். வீட்டில் எதுவும் குப்பை ஆகவில்லை. தோல் மாட்டுக்கு, சாணம் செடிக்கு, காய் பிள்ளைக்கு. இன்று 'சுற்றுச்சூழலுக்கு உகந்த வாழ்க்கை' என்று மேடைபோட்டுப் பேசுகிறார்களே, அது நம் லயத்துப் பின்கட்டில் பெயரில்லாமல் நடந்துகொண்டிருந்த ஒன்றுதான்.

மரவள்ளிக் காலம்

1941 டிசம்பரில் ஜப்பானியப் படை மலாயாவுக்குள் நுழைந்தது. பர்மா அரிசி வருவது நின்றது. ரப்பர் வாங்க ஆளில்லை. கையிலிருந்த 'வாழைமர நோட்டு' வெறும் காகிதமாயிற்று. தோட்டத்து ஆண்களில் பல்லாயிரம் பேரைச் சயாம்-பர்மா இரயில் பாதை போட ஏற்றிச் சென்றார்கள். அவர்களில் மிகப் பலர் திரும்பவே இல்லை. பிள்ளைகளோடு லயத்தில் மிஞ்சிய பெண்களுக்கு மண்தான் துணை.

அக்காலத்தை இன்றும் நம் பெரியவர்கள் மரவள்ளிக் காலம் என்றே சொல்வார்கள். காலையில் மரவள்ளி, மாலையில் மரவள்ளி, இடையில் பசித்தால் சர்க்கரைவள்ளி. வயிறு நிரம்பியது, உடம்பு தேறவில்லை. மரவள்ளிக் கிழங்கில் மாவுச் சத்துதான் மிகுதி. தசை வளர்க்கும் புரதம் மிகக் குறைவு. வீங்கிய காலும் ஆறாத புண்ணுமாகப் பிள்ளைகள் திரிந்தார்கள். கிழங்கோடு கீரையும் பயறும் கொஞ்சம் மீனும் சேர்க்க முடிந்த வீடுகள் ஓரளவு தப்பின.

இங்கே நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. மலிவான ஒன்றை மட்டும் வயிறு நிறையத் தின்பது சிக்கனம் ஆகாது. மலிவானவற்றில் நாலைந்தைச் சேர்த்துத் தின்பதே சிக்கனம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். மரவள்ளியிலும் அதன் இலையிலும் இயற்கையாகவே நஞ்சு உண்டு. நன்றாக வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டிய பிறகே உண்ண வேண்டும். பசிக் கொடுமையில் அவசரப்பட்டவர்கள் துன்பப்பட்டதும் அக்கால வரலாறுதான்.

முள்வேலிக்குள் சோறு

1945-இல் போர் முடிந்தது. அரிசிப் பங்கீடு முடியவில்லை. இந்த நிலையில்தான் நம் ஊர்ப் பெயர் உலகப் பத்திரிகைகளில் வந்தது. 1948 ஜூன் 16-ஆம் நாள் காலையில் சுங்கை சிப்புட் எல்பில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் மூன்று ஐரோப்பியத் துரைமார்கள் கம்யூனிஸ்டுகளால் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதைத் தொடர்ந்து நாடெங்கும் அவசரகாலம் பிரகடனம் ஆயிற்று. அது 1960 ஜூலை 31 வரை நீடித்தது. வரலாற்றுப் பாடநூலில் நீங்கள் படிப்பது இதுவரைதான். அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் அடுப்பு என்ன பாடுபட்டது என்பதை வீட்டுப் பெரியவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

காட்டில் இருந்தவர்களுக்கு உணவு போய்ச் சேரக் கூடாது என்பது அரசின் திட்டம். 1950-இல் வந்த பிரிக்ஸ் திட்டப்படி காட்டோரம் சிதறிக் கிடந்த குடியிருப்புகள் புதுக்கிராமங்களாக்கப்பட்டன. தோட்டங்களில் தள்ளித் தள்ளி இருந்த லயங்களை ஒரே இடத்தில் கூட்டி முள்வேலி போட்டார்கள். 1951 முதல் உணவுக் கட்டுப்பாடு கடுமையாயிற்று. அரிசிக்கு அளவு. காட்டுக்கு வேலைக்குப் போகிறவர் சோறு கட்டிக்கொண்டு போகக் கூடாது. வாசலில் சோதனை. கடையில் தகர டின் வாங்கினால், பதுக்கி வைக்க முடியாதபடி கடைக்காரரே துளையிட்டுக் கொடுக்க வேண்டும். சில இடங்களில் அரிசியைப் பச்சையாகக் கொடுக்காமல், பொது அடுப்பில் சோறாக்கியே கொடுத்தார்கள்.

விடியுமுன் வெறும் வயிற்றோடு காட்டுக்குப் போய், மதியம் வரை மரம் வெட்டிய தாயின் நிலையை எண்ணிப் பாருங்கள். வேலிக்கு வெளியே தள்ளியிருந்த கொல்லைக்கு நினைத்த நேரத்தில் போய்வர முடியாது. ஊரடங்கு நேரம் குறுக்கே நிற்கும். வேலிக்கு உள்ளேயோ லயத்துக்கு லயம் நெருக்கம். இருந்தும் வாசற்படி ஓரத்தில் ஒரு முருங்கைக் கொம்பு, குளியலறைத் தண்ணீர் ஓடும் இடத்தில் நாலு கங்கோங், கூரைமேல் ஓர் அவரைக் கொடி என்று நம்மவர்கள் மண்ணை விடவில்லை. வீசம் ஏக்கர் கைப்பிடி அளவாகச் சுருங்கியது. விதை மட்டும் பிழைத்துக் கிடந்தது.

நிலம் கைமாறியது

மலாயா 1957-இல் விடுதலை பெறும் முன்னும் பின்னும் வேறொரு சோதனை வந்தது. வெள்ளைக்காரர்களின் பெருந்தோட்டங்கள் பல துண்டு துண்டாக வெட்டி விற்கப்பட்டன. தோட்டம் போனால் வேலை போயிற்று. வேலையோடு லயத்து வீடு போயிற்று. வீட்டோடு கொல்லையும் போயிற்று. சொந்த மண் இல்லாதவன் வளர்த்த முருங்கை எவ்வளவு பெரிய மரமானாலும் அது அடுத்தவன் மரம்தான் என்பது நம்மவர்களுக்கு அப்போது உறைத்தது.

இதற்கு மாற்றுத் தேடியவர் நம் மண்ணின் மைந்தர். சுங்கை சிப்புட்டில் 1919-இல் பிறந்து, இந்த ஊர் மக்களின் நாடாளுமன்றப் பிரதிநிதியாகவும் நாட்டின் அமைச்சராகவும் விளங்கிய துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள், 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை உருவாக்கினார். தொழிலாளர் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொண்டு தோட்டங்களை வாங்குவதே நோக்கம். கெடாவில் உள்ள புக்கிட் சிடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. எல்லாத் தோட்டத்தையும் காப்பாற்ற ஒரு சங்கத்தால் முடியுமா? முடியவில்லைதான். ஆயினும் 'உழைக்கிறவனுக்கும் மண்ணில் பங்கு உண்டு' என்ற எண்ணத்தை அது விதைத்தது.

அடுத்து வந்தது செம்பனை. 1970-களிலும் 1980-களிலும் ரப்பர் மரங்கள் சாய்ந்து செம்பனை எழுந்தது. குலை வெட்டும் வேலையும் மருந்தடிக்கும் வேலையும் ரப்பர் வேலை போல மதியத்தோடு முடிவதில்லை. பிற்பகல் போனது. மாடு கன்றுகள் இளம் செம்பனையைக் கடிக்கும் என்று பல தோட்டங்களில் கால்நடைக்குத் தடை வந்தது. சாணம் போனது. புல்லுக்கு அடித்த மருந்து ஓடையிலும் வரப்பிலும் இறங்கியது. பாராகுவாட் என்ற களைக்கொல்லியைத் தோளில் சுமந்து அடித்தவர்களில் பெரும்பாலோர் நம் பெண்கள். அந்த மருந்துக்கு நம் நாட்டில் 2020 ஜனவரி முதல்தான் முழுத் தடை வந்தது. மருந்தடித்த இடத்துக் கீரையைப் பறிக்கக் கூடாது என்று தாய்மார்கள் அறிந்துகொண்டார்கள். நல்லதுதான். ஆனால் அத்தோடு கீரை பறிக்கும் பழக்கமே போய்விட்டது.

இன்றைய அடுப்பு

எல்பில், டோவன்பி, ஹீவூட், கமுனிங், சங்காட் சாலாக் என்று நம் வட்டாரத் தோட்டப் பெயர்களை உச்சரிக்கும் குடும்பங்களில் பல இன்று பட்டணத்து மலிவு வீடுகளில் வசிக்கின்றன. மண் இல்லை, கடை இருக்கிறது. பசார் மாலாம் இருக்கிறது. பிள்ளை பள்ளிக்கு வரும்போது ஒரு பாக்கெட் இனிப்புத் தண்ணீர், ஒரு பொட்டலம் மொறுமொறு. காலையில் உடனடி மீ, இரவில் பொரித்த கோழி. செலவு குறைந்ததா என்றால், அதுவும் இல்லை.

2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி நம் நாட்டில் பெரியவர்களில் 100-க்கு 18 பேருக்கு நீரிழிவு நோய். இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 100-க்கு 31 பேர். பெரிபெரியிலிருந்து தப்பிய சமுதாயம் இனிப்பு நீரில் மாட்டிக்கொண்டது. வயதாகிக் காலை இழப்பவர்களும் கண்ணை இழப்பவர்களும் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். இதற்கு ஏழ்மை மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. 40 காசுக் கூலியில் பிள்ளை வளர்த்த பாட்டி நம்மைவிட ஏழைதான். அவளிடம் இருந்து நம்மிடம் இல்லாதது ஒன்று மண், மற்றொன்று பழக்கம். மண்ணை நாளைக்கே வாங்க முடியாது. பழக்கத்தை இன்றைக்கே தொடங்கலாம்.

செலவில்லாத சில வழிகள்

தாய்மார்களே, தந்தைமார்களே, பெரிய பெரிய யோசனைகளை நான் சொல்லப் போவதில்லை.

முதலாவது, அரிசி. வாரத்தில் சில நாளாவது புழுங்கல் அரிசிச் சோறு ஆக்குங்கள். சோற்றின் அளவைக் குறைத்துக் கீரை, பருப்பு, காயின் அளவைக் கூட்டுங்கள். நீரிழிவு உள்ளவர்களுக்குப் புழுங்கல் அரிசியானாலும் அளவு முக்கியம்.

இரண்டாவது, கீரை. முருங்கைக் கொம்பு ஒன்றை ஊன்ற ஒரு முழம் மண் போதும். அடுக்குமாடியில் இருப்பவர்கள் பழைய சாய டின்னிலும் அரிசிச் சாக்கிலும் மண் நிரப்பித் தண்டுக்கீரை, பசலை, மிளகாய், கறிவேப்பிலை வளர்க்கலாம். டின்னின் அடியில் துளையிட மறக்க வேண்டாம். தகரத்தில் துளையிடுவது நம் ஊருக்குப் புதிதா என்ன? அன்று சோற்றைத் தடுக்கத் துளை போட்டார்கள். இன்று சோற்றை வளர்க்க நாம் துளை போடுவோம்.

மூன்றாவது, புரதம். நெத்திலி சின்ன மீன்தான். ஆனால் முள்ளோடு தின்பதால் எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கிறது. உப்பு மிகுதியாக இருப்பதால் நன்றாக ஊறவைத்துக் கழுவிச் சமையுங்கள். முட்டையும் பயறும் பருப்பும் இறைச்சியைவிட மலிவு. பாசிப்பயறு சுண்டல் ஒரு கிண்ணம், பாக்கெட் தீனிக்குப் பதில் நிற்கும்.

நான்காவது, குப்பை. காய்த் தோல், தேயிலைச் சக்கை, முட்டை ஓடு ஆகியவற்றை மண்ணோடு கலந்து மக்கவிடுங்கள். உரக் காசு மிச்சம், தெருக் குப்பையும் குறையும். பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தினர் நச்சு மருந்தில்லாத இந்தக் காய்கறி வளர்ப்பைப் பள்ளிகளுக்கும் பொதுமக்களுக்கும் பல்லாண்டுகளாகச் சொல்லிக் கொடுத்து வருகிறார்கள்.

ஐந்தாவது, தண்ணீர். இனிப்பு நீர் வாங்கும் காசை ஒரு மாதம் உண்டியலில் போட்டுப் பாருங்கள். மாதக் கடைசியில் நான் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. உண்டியலே சொல்லும்.

இவற்றைச் செய்தால் சம்பளப் பிரச்சினை தீர்ந்துவிடுமா? தீராது. நியாயமான கூலியும் குடியிருக்கச் சொந்த வீடும் கேட்டுப் பெறவேண்டிய உரிமைகள். கீரை வளர்ப்பது அந்த உரிமைக்கு மாற்று ஆகாது. "கொல்லை இருக்கிறதே, கூலி எதற்கு?" என்று யாரும் நம்மிடம் சொல்லிவிடக் கூடாது. அன்றைய சட்டம் கூலியையும் நிலத்தையும் சேர்த்தே சொன்னது. நாமும் சேர்த்தே கேட்போம்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கு ஒரு வேலை. விடுமுறையில் உங்கள் வீட்டுப் பாட்டியிடமோ பக்கத்து வீட்டுத் தாத்தாவிடமோ போய் உட்காருங்கள். "தோட்டத்துல அந்தக் காலத்துல கொல்லையில என்னென்ன இருந்துச்சு? மரவள்ளிக் காலத்துல எப்படிச் சமாளிச்சீங்க? முள்வேலிக்குள்ள என்ன சாப்பிட்டீங்க?" என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். அந்தக் காலத்தைக் கண்ணால் கண்டவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகிறார்கள். துரைமார்களின் கணக்குப் புத்தகங்கள் ஆவணக் காப்பகங்களில் பத்திரமாக இருக்கும். உங்கள் பாட்டியின் கணக்கு உங்கள் நோட்டுப் புத்தகத்தில்தான் இருக்கப் போகிறது. கேட்டு எழுதி முடித்த பிறகு அவரிடமே ஒரு விதையோ ஒரு கொம்போ வாங்கி நடுங்கள்.

நம் முன்னோருக்குக் கிடைத்தது 52 அடிக்கு 52 அடி. நமக்கு ஒரு சன்னலோரம் கிடைக்கலாம். அளவு சிறியதே என்று கை கட்டி நிற்க வேண்டாம். அடுத்த ஆண்டு பரிசளிப்பு விழாவுக்குள் நம் பள்ளிப் பிள்ளைகள் ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு கீரையாவது தழைக்கட்டும்.

வாழ்க நம் பள்ளி! வளர்க நம் பிள்ளைகள்!